கொயரியை ஒளிச்சு வெச்ச கதை

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "ஆக்சஸ்ல சின்னதா ஒரு சாப்ட்வேர் பண்ணிக் குடுத்திருக்கேன். உள்ள இருக்கற கொயரி எதுவும் அவங்க கண்ணுல படக்கூடாது. என்ன வழி?"ன்னு கேட்டார். தெரிஞ்ச வழியெல்லாம் சொன்னேன். போனை வெச்சப்புறம் தான் 2006 டிசம்பர் ஞாபகம் வந்துச்சு. அவர்கிட்ட சொல்லாம விட்டதை இங்க எழுதி வெக்கிறேன். நீளமான கொசுவத்தி தான், பொறுத்துக்கங்க.

பொட்டி தட்டாத மக்களுக்காக ஒரு பாரா. ஆக்சஸ்ங்கறது மைக்ரோசாப்ட் 1992ல் கொண்டு வந்த டேட்டாபேஸ். தகவல் இருக்கற டேபிள், திரையில தெரியற பாரம், அச்சடிக்கற ரிப்போர்ட், டேபிள்கிட்ட கேக்கற கேள்வியான கொயரி, எல்லாமே ஒரே பைலுக்குள்ள உக்காந்திருக்கும். கொயரியை எஸ்க்யூஎல் மொழியில எழுதலாம். எழுதத் தெரியாதவங்க ஒரு கட்டம் போட்ட பலகையில எந்தத் தகவல் வேணும், என்ன நிபந்தனைன்னு நிரப்பினாலே போதும், எஸ்க்யூஎல்லை ஆக்சஸே எழுதிக்கும். இந்தக் கட்டப் பலகை யோசனைக்குச் சொந்தக்காரர் ஐபிஎம்மில் இருந்த மோஷே ஸ்லூஃப். 1970களின் நடுவில் அவர் இதைப் பண்ணினதே, புரோகிராமர் இல்லாத ஆளும் கேள்வி கேக்கணும்னு தான். அந்தப் பலகையைத் தான் நான் இழுத்துப் பூட்டினேன்.

இடம் திருப்பூர். பல்லடம் ரோட்டை ஒட்டி ஒரு ஜாப் ஒர்க் யூனிட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங், அயனிங் எல்லாம் சேர்த்து 42 பேர். பீஸ் ரேட், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். 2005 கடைசியில அவங்களுக்குக் கூலிக் கணக்கு சாப்ட்வேர் ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். பேசினது 12,000 ரூபாய், கையில வந்தது 8,000. மிச்சம் "பாத்துக்கலாம் தம்பி".

சாப்ட்வேர் என்னுதுன்னு சொன்னாலும், உள்ள இருந்த கணக்கு எனக்கு எங்கிருந்து தெரியும்? அங்க ஒரு கணக்கர் அண்ணன் இருந்தார். அம்பது வயசுக்கு மேல. ரெண்டு சாயங்காலம் என்னை உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தார். "ரேட்டு வாரத்துக்கு நடுவுல மாறுங்க தம்பி. தெச்ச தேதிக்கு எந்த ரேட்டோ அதைப் போடோணும், சம்பளம் குடுக்கற தேதிக்குப் போடக்கூடாது. ரிஜெக்ட்டு கழிச்சுட்டு தான் பெருக்கோணும். அட்வான்ஸைக் கடைசியில புடிக்கோணும்." அவர் சொன்னதை அப்படியே ஒரு கொயரியா எழுதினேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, பீஸ், அன்னிக்கு இருந்த ரேட், கூலி.

கொயரின்னா கேள்வின்னு நான் சொன்னதுல இருந்து அவர் அதைக் 'கேள்வி'ன்னே தான் சொல்லுவார். சனிக்கிழமை மதியம் அந்தக் கேள்வியைத் திறந்து, ரெண்டு பேரோட வரியை மட்டும் கால்குலேட்டர்ல போட்டுப் பார்ப்பார். ஒத்துப் போச்சுன்னா தான் சிலிப் அடிக்கச் சொல்லுவார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல். கம்ப்யூட்டரை நம்ப மாட்டேங்கறாரேன்னு.

2006 ஜூன்ல ஒரு நாள் அவர் டிசைன் வியூவில போய் எதையோ நோண்டி, ரேட் டேபிளையே கட்டத்துல இருந்து டெலீட் பண்ணி சேவ் பண்ணிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சிலிப் வரலை. நான் ஓடிப் போய் சரி பண்ணினேன். "இனிமே யாரும் தொட முடியாதபடி பண்ணிடறேன்"னு ஓனர்கிட்ட சொன்னேன்.

அது வெளியில சொன்ன காரணம். அதே வாரம் பக்கத்து யூனிட்காரர் ஒருத்தர் பென் டிரைவோட வந்து, "அந்தக் கூலிக் கணக்கு பைலை ஏத்திக் குடுங்க"ன்னு கேட்டதா பையன் ஒருத்தன் சொன்னான். எனக்கு வயித்துல புளி கரைச்சுது. மிச்சம் 4,000 வரலை, அதுக்குள்ள இன்னொரு இடத்துக்கு ஓசியில போகப் போகுது. பூட்டணும்னு முடிவு பண்ணினது அதுக்காகத் தான்.

பூட்டற படலம் ஒரு மாசம் நடந்துச்சு. ஒவ்வொண்ணா சொல்றேன், இந்த வேலையில இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல கொயரியோட பிராப்பர்ட்டீஸ்ல போய் 'ஹிடன்'னு டிக் பண்ணினேன். ஆப்ஷன்ஸ்ல 'ஹிடன் ஆப்ஜெக்ட்ஸைக் காட்டு'ன்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா மறுபடி தெரியும். அடுத்து, பேரை 'யுசிஸ்'னு ஆரம்பிக்கற மாதிரி மாத்தினா ஆக்சஸ் அதைத் தன்னோட சிஸ்டம் ஆப்ஜெக்ட் மாதிரி மறைச்சுடும். அதையும் காட்ட இன்னொரு டிக் இருக்கு. மூணாவது, ஸ்டார்ட்அப்ல டேட்டாபேஸ் விண்டோவே வராம பண்ணி, எப் லெவனையும் வேலை செய்யாம நிறுத்தினேன். சூப்பர்னு நினைச்சேன். ஷிப்ட் கீயை அழுத்திட்டே பைலைத் திறந்தா இந்த ஸ்டார்ட்அப் அமைப்பு எல்லாத்தையும் ஆக்சஸ் தாண்டிப் போயிடும். இதைக் கணக்கர் அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தது பத்தாவது படிக்கிற அவர் பையன்! ஒரே நாள்ல.

ஷிப்ட் கீயை அடைக்கவும் 'அலவ் பைபாஸ் கீ'ன்னு ஒரு பிராப்பர்ட்டி இருக்கு. மெனுவுல கிடையாது, கோட் எழுதித் தான் வெக்கணும். வெச்சேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, வேற ஒரு காலி ஆக்சஸ் பைலைத் திறந்து 'இம்போர்ட்' குடுத்தா, பூட்டின பைல்ல இருந்து கொயரியை அலுங்காம எடுத்துட்டுப் போயிடலாம்னு. முன் வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வீடு.

சரி, எம்டிஈ. பைலை எம்டிஈயா மாத்தினா கோட் எல்லாம் போயிடும், யாரும் பாக்க முடியாதுன்னு கேள்விப்பட்டிருந்தேன். பாதி தான் உண்மை. எம்டிஈ ஒளிக்கிறது விபிஏ கோடை மட்டும். பாரத்தையும் ரிப்போர்ட்டையும் டிசைன் வியூவில திறக்க விடாது. டேபிள், கொயரி, மேக்ரோ மூணையும் அது கண்டுக்கவே கண்டுக்காது. கொயரி வழக்கம் போல டிசைன் வியூவில திறக்கும்.

அப்ப முறையான வழி ஒண்ணு இருந்துச்சு. ஒர்க்குரூப் பைல் வெச்சு யூசர், குரூப் எல்லாம் உருவாக்கி, கொயரியை 'ஓனரோட அனுமதியில ஓடு'ன்னு அமைக்கறது. டேபிளைத் தொடற அனுமதியைத் தராம, கொயரியை ஓட்டிப் பாக்கற அனுமதியை மட்டும் தரலாம். நானும் முயற்சி பண்ணி என் சொந்த பைல்ல இருந்து என்னையே வெளியில தள்ளிப் பூட்டிக்கிட்டேன். ரெண்டு நாள் வேலை அம்பேல். விட்டுட்டேன்.

கடைசியா ஒரு வழி மிச்சம் இருந்துச்சு. கொயரியே இல்லாம பண்ணிட்டா? எஸ்க்யூஎல்லைத் துண்டு துண்டா விபிஏ கோடுக்குள்ள சரமா வெச்சு, ஓடற நேரத்துல ஒட்டி ஓட்டி, மொத்தத்தையும் எம்டிஈ ஆக்கிட்டா? 2006 ஜூலை கடைசியில அதைத் தான் பண்ணினேன். ஒவ்வொரு நாள் வேலைக்கும், 'இந்தத் தேதியிலோ அதுக்கு முன்னாலோ அமலுக்கு வந்த ரேட்ல கடைசி ரேட் எது'ன்னு கோட் கேக்கும், வந்ததைப் பெருக்கிக் கூட்டும், சிலிப்ல வாரத்து மொத்தம் மட்டும் வரும். அன்னிக்குத் தேதி 25. போட்டுப் பார்த்தேன், பைசா பிசகலை. பெருமையா கொண்டு போய் வெச்சேன். கணக்கர் அண்ணன் திரையைப் பார்த்துட்டு, "கேள்வியக் காணமுங்களே தம்பி"ன்னார். "இனி அது தேவையில்லீங்ண்ணா, உள்ளயே இருக்கு"ன்னேன்.

ஆகஸ்ட் 1ல இருந்து ரேட்டு ஏறுச்சு. ஓவர்லாக்குக்குப் பீஸுக்கு 5 பைசா.

அங்க ஓவர்லாக் தெக்கிற அக்கா ஒருத்தங்க, தன் கணக்கைத் தானே ஒரு சின்ன நோட்டுல எழுதி வெப்பாங்க. ஆகஸ்ட் முதல் வாரமே "காசு கொறையுதுங்க"ன்னு கேட்டிருக்காங்க. "புது ரேட்டு இப்பத் தானே போட்டிருக்கு, அடுத்த வாரம் சரியாயிரும்"னு பதில். அடுத்த வாரம் ரெண்டாவது நாள்ல இருந்து சரியாவும் வந்துச்சு. செப்டம்பர் முதல் வாரம் மறுபடி கொறைஞ்சுது. கணக்கர் அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். "அந்தப் புள்ள கணக்கு தப்பாப் போடாதுங்க தம்பி. எனக்குப் பாக்கறக்கு வழியில்ல, நீங்க ஒருக்காப் பாருங்க." அன்னிக்குத் தேதியையே போட்டு வீட்டுல ஓட்டிப் பார்த்தேன். சரியா வந்துச்சு. அப்ப நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு: "அண்ணா, நோட்டுல எங்கயாச்சும் விட்டிருப்பாங்க. கம்ப்யூட்டர் கூட்டல்ல தப்பு பண்ணாது."

டிசம்பர் 9, சனிக்கிழமை. அந்த அக்கா சிலிப்பை வாங்கிட்டு, பணத்தை வாங்க மாட்டேன்னு நின்னுட்டாங்க. எண்பது ரூபா கொறையுது. மறுநாள் ஞாயித்துக்கிழமை என்னை வரச் சொன்னாங்க. யூனிட்ல மெஷின் எதுவும் ஓடலை. ஆபீஸ் ரூம்ல நானும், என் லேப்டாப்ல ஒரிஜினல் கோடும், மேசை மேல அந்த அக்காவோட நோட்டும் தான். கணக்கர் அண்ணன் டீ சொல்லப் போயிருந்தார்.

முதல்ல அன்னிக்குத் தேதி, 10ஐப் போட்டேன். சரி. 9, சரி. 8, சரி. 7ஐப் போட்டேன். பழைய ரேட்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. 6, 5, 4 எல்லாம் பழைய ரேட்டு.

விஷயம் இது தான். ஆக்சஸ் எஸ்க்யூஎல்ல ஹேஷ் குறிகளுக்கு நடுவுல தேதியை எழுதினா, கண்ட்ரோல் பேனல்ல நாம இந்திய முறை வெச்சிருந்தாலும், அது முதல் எண்ணை மாசமாத் தான் படிக்கும். 07/12/2006ன்னா நமக்கு டிசம்பர் 7, அதுக்கு ஜூலை 12. ஜூலைல புது ரேட்டே வரலையே, அதனால பழைய ரேட்டு. 08/12ஐ ஆகஸ்ட் 12ன்னு படிக்கும், புது ரேட்டு. நாள் 12க்கு மேல போயிட்டா, அப்படி ஒரு மாசம் இல்லைன்னு ஒழுங்கா நாளாவே எடுத்துக்கும். நான் ஜூலைல 25ஐ வெச்சுத் தானே டெஸ்ட் பண்ணினேன்!

பழைய கொயரியில இந்தத் தப்பு கிடையாது. அங்க தேதி டேபிள்ல இருந்து தேதியாவே வந்துச்சு. கட்டப் பலகையில நாமளே தேதி டைப் பண்ணினாக் கூட நம்ம ஊர் முறைப்படி வாங்கிட்டு ஆக்சஸே மாத்திக்கும். எஸ்க்யூஎல்லைக் கோடுக்குள்ள ஒளிக்கிறதுக்காகத் தேதியை எழுத்தா மாத்தி ஒட்டினப்ப தான் தப்பு உள்ள வந்துச்சு. ஒளிச்சதால தான் தப்பே பிறந்துச்சு, ஒளிச்சதால தான் அஞ்சு மாசம் யாருக்கும் தெரியலை. ஒரு சனிக்கிழமை கணக்கர் அண்ணன் அந்த வரிகளைத் திறந்து பார்த்திருந்தா, ரேட் காலத்துல பழைய எண்ணு நிக்கறது ஒரு நிமிஷத்துல கண்ணுல பட்டிருக்கும்.

ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் முதல் ஏழு நாள். ஞாயிறும் அக்டோபர் 2ம் போக 29 நாள் வேலை. அந்த அக்கா நாளைக்கு 400 பீஸ் சுமார் தெச்சாங்க, நாளைக்கு இருபது ரூபா. 42 பேருக்கும் போட்டுப் பார்த்தா பத்தொன்பதாயிரத்துக்கு மேல வந்துச்சு.

இன்னொண்ணையும் கணக்குப் போட்டேன். இதை எழுதத் தான் இவ்வளவு நாள் தயங்கினேன். ஜனவரி 1 வந்துட்டா இந்தத் தப்பு தானாவே மறைஞ்சுடும். 2007ல எந்தத் தேதியை எப்படித் திருப்பிப் படிச்சாலும் அது 2006 ஆகஸ்டுக்கு அப்புறம் தானே! அடுத்த ரேட்டு ஏறுற வரைக்கும் ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. கோட் என் லேப்டாப்ல மட்டும் தான் இருக்கு. ஒரே ஒரு வரியை மாத்தி, புது எம்டிஈயை வெச்சுட்டு, "இந்த வாரம் மட்டும் என்ட்ரியில ஏதோ கோளாறுங்ண்ணா"ன்னு எண்பது ரூபாயோட முடிச்சுடலாம். இல்லைன்னு நிரூபிக்க அந்தக் கட்டடத்துல யாராலயும் முடியாது. அந்த வசதியை ஜூலைல நானே உக்காந்து பண்ணி வெச்சிருக்கேன்.

ரொம்ப நல்லவன் மாதிரி சொல்லிக்க விருப்பமில்லை. டீ வர்ற வரைக்கும் அதைத் தான் யோசிச்சுட்டு இருந்தேன். அண்ணன் டீயை வெச்சுட்டு எதிர்ல உக்காந்தார். எதுவும் கேக்கலை. அந்த நோட்டை எடுத்து, அவரே கால்குலேட்டர்ல மறுபடி கூட்ட ஆரம்பிச்சார். மூணாவது தடவையா, நாலாவது தடவையா தெரியலை. தப்பு அதுல இருக்கும்னு நான் சொன்னேன் பாருங்க, அதனால தேடறார். சொல்லிட்டேன்.

அவர் திட்டலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "செப்டம்பர்லயே நான் கேட்டனுங்களே தம்பி"ன்னார். அவ்வளவு தான். திட்டியிருக்கலாம்.

ஓனர்கிட்ட திங்கக்கிழமை சொன்னோம். அவர் முதல்ல கேட்டது, "ஜனவரியில தானாச் சரியாயிரும்னா இப்ப எதுக்குங்க கெளறோணும்?" கணக்கர் அண்ணன் அந்த நோட்டை மேசை மேல வெச்சு, "இது ஒண்ணு தானுங்க வந்திருக்கு. நாளைக்கு நாப்பத்திரெண்டு நோட்டு வந்தா?"ன்னார். ரெண்டு சனிக்கிழமைல பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்க. எனக்கு வர வேண்டிய 4,000ஐ ஓனர் அதுல கழிச்சுக்கிட்டார். நானும் கேக்கலை.

கணக்கர் அண்ணன் கேட்டது ஒண்ணு தான். "அந்தக் கேள்விய மறுபடி நான் பாக்கற மாதிரி வெச்சுக் குடுங்க. தொடமாட்டனுங்க. பாக்க மட்டும்." அவர் சொல்லிக் குடுத்த கணக்கை அவர் கண்ணுல இருந்தே மறைச்சுட்டு, அதை என் சொத்துன்னு பூட்டி வெச்சிருந்திருக்கேன். அப்ப தான் உறைச்சுது.

மறுபடி எழுதினப்ப இப்படிப் பண்ணினேன். டேபிள் எல்லாம் ஒரு பைல்ல, பாரம், கொயரி எல்லாம் இன்னொரு பைல்ல. யாராவது நோண்டிக் கெடுத்தா முன் பக்கத்து பைலை மட்டும் காப்பி பண்ணி வெச்சாப் போதும், டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஜூன்ல நான் சொன்ன பிரச்சினைக்கு இதுவே போதுமான மருந்து. கொயரியோட விடையை மட்டும் ஒரு பாரத்துல, எடிட் பண்ண முடியாதபடி, நாள் வாரியா காட்டினேன். சிலிப்லயும் தேதி, பீஸ், ரேட், கூலின்னு ஒவ்வொரு நாளும் ஒரு வரி. கொயரியைத் திறந்தே வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ஆக்சஸ் எவ்வளவோ மாறிடுச்சு. 2007ல வந்த ஏசிசிடிபி பைல்ல அந்த யூசர், குரூப் பாதுகாப்பையே எடுத்துட்டாங்க. எம்டிஈ போய் ஏசிசிடிஈ வந்துச்சு. அதுவும் விபிஏவைத் தான் ஒளிக்கும், கொயரியை ஒளிக்காது. பைல் பேரை ஏசிசிடிஆர்னு மாத்தினா ரன்டைம் மாதிரி திறக்கும், பேரைத் திருப்பி மாத்தினா எல்லாம் தெரியும். கடவுச்சொல் போட்ட டேபிளை லிங்க் பண்ணினா, அந்தக் கடவுச்சொல் லிங்க்லயே படிக்கிற மாதிரி உக்காந்திருக்கும். நிஜமாவே ரகசியம்னா டேட்டாவை எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி ஒண்ணுல வெச்சு, அங்கயே வியூவும் அனுமதியும் வெக்கணும். பைலைக் கையில குடுத்துட்டு உள்ள இருக்கறதை மறைக்கணும்னா நடக்காது.

நண்பர்கிட்ட இதெல்லாம் சொன்னேன். கேக்காம விட்டது ஒண்ணு: நீங்க மறைக்கிறது யார் கணக்கை, அது தப்பாப் போனா முதல்ல யாருக்குக் கொறையும்? பதிவைப் போட்டுட்டு சுட்டியை அவருக்கு அனுப்பறேன்.

அந்தப் புது சிலிப் வந்த முதல் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். அந்த அக்கா சிலிப்பை வாங்கி, நோட்டைப் பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு வரிக்கா விரலை வெச்சுப் பார்த்தாங்க. ஆறு வரி. முடிச்சுட்டு, "சரியா இருக்குதுங்க"ன்னு சொல்லி நோட்டை மூடி இடுப்புல சொருகிட்டாங்க. அடுத்த வாரமும் பார்த்தாங்களாம்.

டிஸ்கி: கோடுல தேதியை ஒட்டறவங்க, மாசம்/நாள்/வருஷம்னு பார்மேட் பண்ணிட்டு ஒட்டுங்க. இல்லாட்டி வருஷத்தை முதல்ல வெச்சு வருஷம்-மாசம்-நாள்னு எழுதுங்க, அதை ஆக்சஸ் குழப்பிக்காது. டெஸ்ட் பண்ணும் போது 25ஆம் தேதியை நம்பாதீங்க :-)